நெட்வொர்க் ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முடிவு தருகிறது, டீபக் லாக் போட்டும் காரணம் பிடிபடவில்லை. எங்கிருந்து தேடுவது?

முதலில் உங்கள் லாகில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "போர்ட் 3306 மூடியிருக்கிறது" என்கிற மாதிரி வரிகள்தான் (போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்) என்றால், ரிப்போர்ட்டில் வருவதையே இன்னொரு முறை அச்சடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு பக்கைப் பிடிக்க இரண்டு வாரம் போனது.

பைத்தானில் எழுதிய சின்ன ஸ்கேனர் அது. எங்கள் டீமின் சொந்த சர்வர்களில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்க. ஒரே நேரத்தில் 2,000 கனெக்‌ஷன் வரை முயலும். திறந்திருப்பது நிச்சயமாகத் தெரிந்த டேட்டாபேஸ் போர்ட்டையே சில நேரம் மூடியது என்று காட்டும். மறுபடி ஓட்டினால் சரியாக வரும். மூன்றாவது தடவை வேறொரு போர்ட் காணாமல் போகும். ஃபயர்வால் மேல் பழி போட்டோம், ஸ்விட்ச் மேல் போட்டோம். டைம்அவுட்டை 1 நொடியிலிருந்து 3 நொடியாக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது. துப்பு அதிலேயே இருந்தது, அப்போது உறைக்கவில்லை. இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், டீபக்கை ஆன் செய்தால் பக் வரவே வராது.

கடைசியில், மெஷினுக்கு வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைப் பக்கத்து விண்டோவில் ஓட்டிப் பார்த்தேன். காணாமல் போன போர்ட்டுக்கு ஒரு சின் பாக்கெட்கூட (கனெக்‌ஷன் கேட்டு முதலில் போகும் பாக்கெட்) எங்கள் மெஷினை விட்டு வெளியே போகவில்லை! போகாத பாக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் என்ன பதில் சொல்லும்? அப்புறம்தான் லாக் வரியை மாற்றினேன்.

பழையது: 10.0.0.7:3306 மூடியது

புதியது: 10.0.0.7:3306, முயற்சி 1, படி சாக்கெட், 0.1 மில்லிநொடி, எர்நோ 24

எர்நோ என்பது சிஸ்டம் தரும் பிழை எண். லினக்ஸில் எர்நோ 24 என்றால் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்". ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல் டிஸ்கிரிப்டர்தான் (திறந்த ஃபைலுக்கோ கனெக்‌ஷனுக்கோ தரப்படும் எண்) வைத்திருக்கலாம் என்று வரம்பு உண்டு. பல மெஷின்களில் அது இயல்பாகவே 1,024. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும், அதாவது நம் பக்கத்துக் கனெக்‌ஷன் முனைக்கும், அதில் ஒன்று போய்விடும். கனெக்ட் செய்யும் கட்டத்துக்கே வராமல், சாக்கெட் திறக்கும்போதே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் கையை விரித்திருக்கிறது. என் கோடில் எந்த ஓஎஸ்எரர் (சிஸ்டம் தரும் பிழை) வந்தாலும் ஒரே எக்செப்டில் பிடித்து "மூடியது" என்று திருப்பிக் கொடுத்திருந்தேன். நானே எழுதியது, யாரையும் திட்ட முடியாது.

மற்றதெல்லாம் அதோடு விளங்கிவிட்டது. உடனே பதில் தரும் சர்வர் என்றால் சாக்கெட் சட்டென்று விடுபடும். பாக்கெட்டை ஃபயர்வால் விழுங்கிவிடும் சர்வர் என்றால் டைம்அவுட் முடியும்வரை சாக்கெட் மாட்டிக்கொண்டே இருக்கும். டைம்அவுட்டைக் கூட்டியதும் மோசமானது இதனால்தான். டீபக்கில் வராததற்கும் காரணம் இதுவே: டெர்மினலில் எழுதுகிற நேரத்தில் லூப் மெதுவாகி, சாக்கெட் எண்ணிக்கை வரம்பைத் தொடவே இல்லை.

சரி, திருத்தம். ஒரே நேரத்தில் திறக்கும் கனெக்‌ஷன்களை வரம்புக்குக் கீழே வைத்தேன். எர்நோ 111, அதாவது எதிர்ப்பக்கம் மறுத்தால் மட்டும் "மூடியது". நம் டைம்அவுட் முடிந்தால் "பதில் இல்லை". 113 என்றால் அந்த ஹோஸ்டுக்குப் போக வழி இல்லை. இவை எதிலும் சேராத எல்லாமே நம் பக்கத்துப் பிழை; அதற்கு முடிவே சொல்லாமல் திரும்ப முயல வேண்டும். டைம்அவுட்டை 1 நொடிக்கு மேலேயே வையுங்கள். லினக்ஸ் முதல் சின் பாக்கெட்டை மறுபடி அனுப்பவே சுமார் 1 நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் கைவிட்டால் ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தாலும் முடிவு தப்பாகிவிடும்.

லாகைப் பொறுத்தவரை, என்மேப் என்கிற போர்ட் ஸ்கேனரை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். 1997 முதல் இருக்கும் கருவி. இப்போது அதில் "ரீசன்" என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, எந்தப் பதிலைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று போர்ட் போர்ட்டாகச் சொல்லும். உங்கள் லாகிலும் முடிவுக்குப் பக்கத்தில் அதன் காரணம் இருக்கட்டும். நேரத்தை மோனோடானிக் கடிகாரத்திலிருந்து (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) எடுங்கள். சாதாரணக் கடிகாரத்தை என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் சேவை) நடுவில் திருத்திவிட்டால், பாக்கெட் கிளம்புவதற்கு முன்பே பதில் வந்ததாகக் கணக்கு காட்டும். டீபக் வரிகள் எஸ்டிடிஎர்ருக்கே (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடு) போகட்டும், இல்லையென்றால் ஸ்கேன் முடிவின் ஜேசன் வெளியீட்டுக்குள் புகுந்து அதைப் படிக்கும் ஸ்கிரிப்டை உடைக்கும். பைத்தான் என்றால் லாகிங் வசதியில் இருக்கும் க்யூஹேண்ட்லரையும் க்யூலிஸனரையும் சேர்த்துப் போடுங்கள்: எழுதும் வேலை தனி த்ரெடுக்குப் போய்விடும், டீபக்கை ஆன் செய்ததும் பக் ஒளிந்துகொள்ளும் தொல்லை வெகுவாகக் குறையும்.

இன்னொன்று, சோர்ஸ் போர்ட்டையும் (நம் பக்கத்தில் கனெக்‌ஷன் கிளம்பும் போர்ட்) பதிவு செய்யுங்கள். லோக்கல்ஹோஸ்டை, அதாவது ஸ்கேனர் ஓடும் அதே மெஷினை, ஸ்கேன் செய்தபோது 40,000-க்கு மேலே ஏதோ ஒரு போர்ட் திறந்ததாக வரும், போய்ப் பார்த்தால் அங்கே எந்த ப்ரோக்ராமும் இருக்காது. மால்வேர் என்று ஒருவர் பயந்தேவிட்டார். லாகில் பார்த்தால் சோர்ஸ் போர்ட்டும் 43,112, டெஸ்டினேஷன் போர்ட்டும் 43,112. லினக்ஸ் இயல்பாக 32,768 முதல் 60,999 வரையிலிருந்துதான் சோர்ஸ் போர்ட்டைத் தேர்ந்தெடுக்கும். தற்செயலாக நாம் தட்டப்போகும் எண்ணையே எடுத்துவிட்டால், சாக்கெட் தன்னோடு தானே கனெக்ட் ஆகிவிடும். இந்தக் கனெக்‌ஷன்களுக்கான விதிமுறையான டிசிபி அதை அனுமதிக்கிறது. கனெக்ட் ஆனதும் இரண்டு பக்க முகவரியும் போர்ட்டும் ஒன்றா என்று பார்த்து, ஒன்றாக இருந்தால் அந்த முடிவைத் தள்ளிவிட்டு மறுபடி முயல்கிற மாதிரி இரண்டு வரி சேர்த்தேன்.