இரண்டு துடிப்புக்கு நடுவே எவ்வளவு நேரம்?

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் ஒரே கணக்கைச் சுற்றித்தான். இதயத்தின் இரண்டு துடிப்புக்கு இடையே உள்ள விநாடியால் 60-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை என்று வந்துவிடும், 0.8 விநாடி என்றால் 75.

கே: நர்சிங் படிக்கிறேன். இ.சி.ஜி தாளில் இதைச் சட்டென்று பார்ப்பது எப்படி? (குன்னூர்)

தாள் விநாடிக்கு 25 மி.மீ ஓடியிருந்தால் பெரிய கட்டம் ஒன்று 0.2 விநாடி. ஒரு கூர்முனையிலிருந்து அடுத்ததுவரை எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ வகுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமா, சின்னக் கட்டத்தை எண்ணி 1500-ஐ வகுங்கள். ஓரத்தில் அச்சாகியிருக்கும் வேகத்தை முதலில் பார்த்துவிடுங்கள், 50-ல் ஓடிய தாளை 25 என்று நினைத்தால் 80 துடிக்கிற ஆள் 40 ஆகிவிடுவார், வார்டே பதறும்.

கே: மார்பில் கட்டும் பெல்ட், ஏற்றத்தில் நடக்கும்போது 500, 1000, 500, 1000 மில்லி விநாடி என்று பதிந்தது. ஒவ்வொன்றையும் துடிப்பாக மாற்றி (120, 60) சராசரி எடுத்தால் 90, செயலியோ 80 என்கிறது. யார் சரி? (கோத்தகிரி)

கணக்கில் செயலிதான் சரி. ஒன்றரை விநாடியில் இரண்டு துடிப்பு, அப்படியென்றால் நிமிடத்துக்கு 80. மேட்டுப்பாளையம் ரோட்டில் 20 கி.மீ வேகத்தில் ஏறி 30-ல் இறங்கிய பஸ்ஸின் சராசரி 25 இல்லை, 24, அதே கதைதான். முதலில் இடைவெளிகளைச் சராசரி எடுங்கள், அப்புறம் வகுங்கள்.

ஆனால் எனக்கு அந்த 1000 மேலேயே சந்தேகம். அதெப்படி அச்சாக இரண்டு மடங்கு? பெல்ட் நடுவில் ஒரு துடிப்பை விழுங்கியிருக்கலாம், அப்படியானால் 80, 90 இரண்டுமே தப்பு, உங்கள் துடிப்பு 120. உங்கள் ஊர்க் குளிரில் வியர்வை வராது, காய்ந்த தோலில் பட்டை சரியாகப் பிடிக்காது. உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டிப் பாருங்கள். அப்பவும் அதே மாதிரி வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கே: அப்பாவுக்கு நாடி தாறுமாறாக ஓடுகிறது, எந்த இடைவெளியை எடுக்க? (கூடலூர்)

எதையும் எடுக்காதீர்கள், ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகி, மூச்சை விடும்போது தணிவது இயல்புதான், தாறுமாறு என்பது வேறு. இ.சி.ஜி எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கே: கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்தால் வாட்சில் எண் ஏறுகிறதே?

ஏறத்தான் செய்யும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் குறைவு, அதை ஈடுகட்ட இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி மூட்டையோடு மேடேறிய கையோடு பார்க்காமல், மறுநாள் காலை எழுவதற்கு முன் படுக்கையிலேயே பாருங்கள்.