பாக்கி கட்டியும் சிபிலில் 'ரிட்டன் ஆஃப்'

2018-இல் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசி வாங்கியும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் 'ரிட்டன் ஆஃப்' (written off, வராத கடன் என்று வங்கி ஒதுக்கியது) போகவில்லை என்றால், திருத்த வேண்டியது வங்கிதான். வங்கி உறுதி செய்யாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது.

பெரும்பாலும் நீங்கள் கட்டிய தகவலை வங்கி அனுப்பாமலே விட்டிருக்கும். ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கின் கீழ் கடைசியாகத் தகவல் தந்த தேதியைப் பாருங்கள். கட்டிய தேதிக்கு முந்தையதாக இருந்தால் கோளாறு அங்கேதான். என்ஓசி நகலோடு வங்கிக்கு மெயில் அனுப்புங்கள், சிபில் தளத்திலும் டிஸ்பியூட் (தகவல் தவறு என்ற புகார்) போடுங்கள். புகார் கொடுத்தும் தீராமல் 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம், ரிசர்வ் வங்கி விதி.

அப்புறம், என்ஓசியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். 'ஒன் டைம் செட்டில்மென்ட்' (பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்தது) என்றிருந்தால் 'செட்டில்டு' என்றுதான் மாறும். தள்ளுபடி செய்த மீதியையும் கட்டினால்தான் 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) கேட்க முடியும். காசு கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டுகளிடம் ஓடிபி கொடுத்துவிடாதீர்கள்.