தாழியை மூடிவிட்டால் யாருக்கு நல்லது?

கேள்வி: எங்கள் பரம்பில் சரள் அள்ளும்போது ஜே.சி.பி. பட்டு ஒரு முதுமக்கள் தாழி உடைந்துவிட்டது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு தாழிகளின் வாய் தெரிகிறது. உடைந்ததில் இருந்த இரண்டு சின்னப் பானைகளைக் கழுவி வீட்டில் வைத்திருக்கிறோம். வெளியே சொன்னால் நிலம் போய்விடும், பேசாமல் மூடிவிடு என்கிறார்கள் பெரியவர்கள். ஆதிச்சநல்லூரில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டுகிறார்கள். எல்லாம் வெளியூர் போனதுதான் மிச்சம், ஊருக்கு என்ன கிடைத்தது? முன்னோர் எலும்பைக் கிளறுவதுதான் மரியாதையா? அடுத்த வாரம் மறுபடி டிப்பர் வருகிறது. நான் என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்.

பதில்: சொல்லிவிடுங்கள். டிப்பர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் மூடிவிடு என்ற யோசனையை என்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாது.

முதலில் அந்த இரண்டு பானைகள். கழுவி வைத்தோம் என்கிறீர்கள். பானைக்குள் இருந்த மண் எங்கே போயிற்று? அந்த மண்ணுக்குத்தான் மதிப்பு. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகளையையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருநை, அதாவது நம் தாமிரபரணிக் கரை நாகரிகத்துக்கு 3,200 ஆண்டு வயது என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் பக்கத்தில் பட்டாசு கூட வெடித்திருப்பார்கள். அந்த வயதைச் சொன்னது எது? ஒரு தாழிக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த நெல். அதை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் கி.மு. 1155 என்று வந்தது. அந்தத் தாழி ஜே.சி.பி. வாளியில் போயிருந்தால், அல்லது ஆர்வத்தில் யாரோ அடிபம்பில் வைத்துக் கழுவியிருந்தால், நெல் சாக்கடையோடு போயிருக்கும். பானை மட்டும் அலமாரியில் இருந்திருக்கும். எத்தனையோ பழைய பானைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை அறிக்கையிலும் இதே கதைதான். சிவகளை மாதிரிகளில் ஒன்று கி.மு. 3345 வரை போகிறது என்று படித்திருப்பீர்கள். காலம் கணித்தது இரும்போடு கிடைத்த கரித்துண்டை வைத்து. அந்தக் கரி இந்தத் தாழிக்குள், இன்ன ஆழத்தில், இந்த இரும்போடு சேர்ந்துதான் கிடந்தது என்று எழுதி, வரைந்து, படம் எடுத்து வைத்திருந்தால்தான் அந்த ஆண்டுக்குப் பொருள் உண்டு. மாதிரிகள் அமெரிக்கா, லக்னோ, அகமதாபாத் என்று வெவ்வேறு ஆய்வகங்களுக்குப் போயின. எத்தனை ஆய்வகத்துக்குப் போனாலும், கிடந்த இடம் குழம்பிவிட்டால் ஆய்வகம் சொல்வது கரியின் வயதை மட்டும்தான். விபத்து நடந்த இடத்தில் வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டுப் போலீசைக் கூப்பிட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் பானையை மட்டும் எடுத்து வைப்பதும்.

எனவே மிச்சமிருக்கிற இரண்டு தாழிகளின் வாய்க்குள் கைவிட வேண்டாம். பிள்ளைகளையும் விடாதீர்கள். முறையாக அகழ்கிறவர்கள் ஒரு தாழியை எப்படித் திறக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஜே.சி.பி. சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். சின்னக் கரண்டியும் தூரிகையுமாக உட்கார்ந்து, விரற்கடை விரற்கடையாக மண்ணை எடுப்பார்கள். ஒவ்வொரு அடுக்கு மண்ணும் தனிப் பையில் போகும், பையில் சீட்டு இருக்கும். மண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள். ஒரு மணி, ஒரு பல், ஒரு உமி தென்பட்டாலும் எந்த ஆழத்தில் என்று குறித்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள். ஒரு தாழிக்கே நாள்கணக்கில் ஆகும்.

அப்புறம், ஊருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி. இதை நீங்கள் கேட்கத்தான் வேண்டும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து ஆதிச்சநல்லூரில் தோண்டினார், கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. அடுத்து அலெக்சாந்தர் ரீ வந்து 1899 தொடங்கி சில ஆண்டுகள் தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் என்று அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அவராவது என்ன கிடைத்தது என்று பட்டியல் போட்டு, 1915இல் அது அச்சிலும் வந்தது. சுதந்திர இந்தியாவில் என்ன நடந்தது? 2004, 2005இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அறிக்கை ஆண்டுக்கணக்கில் வரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

இந்தத் தாமதத்தை நான் அலுவலகச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. ஒரு குழியை ஒரு தடவைதான் தோண்ட முடியும். நிபுணரே தோண்டினாலும் அந்த அடுக்கு அழிந்து போகிறது. அழிந்ததற்கு ஈடாக இருப்பது அவர் எழுதும் அறிக்கை மட்டும்தான். தோண்டிவிட்டு எழுதாதவர், தாழியை உடைத்துவிட்டு மூடுகிறவர், இரண்டு பேருக்கும் நடுவே எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கீழடி அறிக்கை 2023இல் மத்தியத் தொல்லியல் துறையிடம் கொடுக்கப்பட்டு, 2025இல் திருத்து என்று துறையால் திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்தோம். ஆட்சேபம் இருந்தால் அறிக்கையை வெளியிட்டு, மறுப்பையும் பக்கத்திலேயே அச்சிடட்டும். படித்தவர்கள் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். நம் வயது கூடும்போது கைதட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: நமக்குப் பிடித்த ஆண்டு வந்தாலும் இன்னும் மாதிரி எடு, இன்னொரு ஊரிலும் பார் என்று கேட்கிறவரைத் தமிழ்ப் பகைவர் என்று ஏசாதீர்கள்.

ஊருக்குக் கிடைத்தது சுத்தமாக ஒன்றுமில்லை என்று சொன்னால் அதுவும் சரியில்லை. 2023இல் ஆதிச்சநல்லூரிலேயே, தாழிகள் இருந்த இடத்திலேயே, மேலே கண்ணாடி போட்டுக் காட்சிப்படுத்தியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு ஓடாமல் கிடந்த இடத்திலேயே வைத்துக் காட்டலாம் என்ற புத்தி வர நூற்றைம்பது ஆண்டு ஆகியிருக்கிறது. போகாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். திருச்செந்தூர் சாலையில்தானே இருக்கிறது.

நிலம் போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். தாழி கிடைத்ததாலேயே பட்டா ரத்தாகிவிடாது. கீழடியில் தனியார் தென்னந்தோப்பில் உரிமையாளர் சம்மதத்தோடு தோண்டி, ஆய்வு முடிந்ததும் குழியை மூடிக் கொடுத்தார்கள். மத்திய அரசு ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பதென்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் அறிவிக்கை வெளியிட வேண்டும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தர வேண்டும். தோண்டியதால் நிலத்துக்காரருக்கு நட்டம் வந்தால் இழப்பீடு என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெறுமனே பயப்படவில்லை. அப்படி அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மகளுக்கு ஒரு வீடு கட்ட நினைக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. இதையெல்லாம் கிராம சபையில் வந்து உட்கார்ந்து, தமிழில், பொறுமையாக விளக்கியிருந்தால் பாதித் தாழிகள் இருட்டோடு இருட்டாக உடைபடாது. அதைச் செய்யாத துறைகளைத்தான் குறை சொல்வேன். பயந்தவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சொல்லாமல் இருப்பதும் சட்டப்படி சரியில்லை. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. வீட்டில் இருக்கும் அந்தப் பானைகளை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கல்லிடைக்குறிச்சிக் கோயில் நடராசர் 1982இல் திருடு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடம் வரை போய், 2019இல்தான் திரும்பினார். சிலைக்காவது பழைய புகைப்படம் இருந்தது, இது எங்கள் சாமி என்று காட்ட முடிந்தது. உங்கள் பானைக்கு என்ன இருக்கிறது?

எலும்பைக் கிளறுவது மரியாதையா என்று கேட்டீர்களே, உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அது. தாழிக்குள் இருப்பவர் ஒரு மனிதர். அவருக்கு யாரோ அழுதிருக்கிறார்கள். பசிக்குமே என்று நெல் வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை எடுத்துவைத்து இது எந்த இனம், எந்த வகை என்று அளந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை எனக்கு அன்றும் இன்றும் ஏற்பில்லாதது. எலும்பை எடுத்தால் ஊரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஆய்வுக்குத் தேவையில்லாதவற்றைத் தோண்டாமலே விட வேண்டும், அடுத்த தலைமுறைக்கு நம்மைவிட நல்ல கருவிகள் கிடைக்கும். ஆனால் இதே மரியாதையைச் சரள் வியாபாரத்திடமும் கேளுங்கள். டிப்பரில் ஏறி யார் வீட்டு அஸ்திவாரத்திலோ போய் விழும் எலும்புக்கு ஒரு மரியாதையும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. அந்த மூலையில் மட்டும் வேலையை நிறுத்துங்கள். தாழி வாய்களின் மேல் ஒரு சாக்கைப் போட்டு லேசாக மண் தள்ளுங்கள், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கும். அதற்கு முன் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் போனில் நாலைந்து படம் எடுங்கள், இருப்பிடத்தையும் பதியுங்கள். உடைந்த ஓடுகளைச் சேர்த்து ஒட்டாதீர்கள், ஒரு பெட்டியில் அப்படியே போட்டு வையுங்கள். பானைகளையும் இனிக் கழுவாதீர்கள். வி.ஏ.ஓ.விடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள், ஒரு நகலைத் தாசில்தாருக்கும் ஒரு நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். வாய்ச்சொல் வேண்டாம், கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் குழியில் என்ன கிடைத்தாலும் அதன் பட்டியல் ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். மனுவின் நகலை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு மாதத்தில் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லையென்றால் உங்கள் பெயரைச் சொல்லாமல் இதே பக்கத்தில் நாங்கள் கேட்கிறோம்.