காலின் ஜாக்சனும் கிடைக்காத ஒலிம்பிக் தங்கமும்

அன்புள்ள ஐயா,

வேல்ஸ் நாட்டு 110 மீட்டர் தடையோட்ட வீரர் காலின் ஜாக்சனை ஒரு கட்டுரையில் மெச்சியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். ஒலிம்பிக்கில் 1988 சியோல் வெள்ளி மட்டும்தான். 1992 பார்சிலோனாவில் ஏழாவது இடம். பெரிய மேடை என்றால் பதறிவிடுகிறவர்தானே? கோட்டைத் தொடும்போது மார்பை முன்னே சாய்க்கிற அவருடைய ‘டிப்’ பற்றியும் சொல்லுங்கள்.
எம்.

அன்புள்ள எம்.,

பதறுகிறவர் 1993 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டி இறுதியில் 12.91 நொடி ஓடி உலக சாதனை வைக்க மாட்டார். 1999இல் செவில் நகரில், 32 வயதில், 13.04இல் மறுபடி உலகத் தங்கம் வாங்கவும் மாட்டார்.

பார்சிலோனாவில் முதல் சுற்றிலேயே 13.10 ஓடினார். இறுதியில் தங்கம் கிடைத்தது 13.12க்கு! வாங்கியவர் வேல்ஸின் கார்டிஃபில் அவரோடு சேர்ந்து பயிற்சி செய்த கனடாக்காரர் மார்க் மெக்காய். இடையில் ஜாக்சனுக்குத் தசைக் காயம். இறுதியில் 13.46.

இந்தப் பந்தயத்தில் சின்னக் காயம்கூட ஆளைக் கவிழ்த்துவிடும். தடையின் உயரம் 1.067 மீட்டர், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 9.14 மீட்டர். தடைக்குச் சுமார் இரண்டு மீட்டர் முன்பே எழும்பி, தாண்டி ஒன்றரை மீட்டருக்குள் இறங்குவார்கள். மிச்சமிருக்கும் ஐந்தரை மீட்டர் சொச்சத்தில் மூன்றே எட்டு, அதாவது மூன்றே காலடி. பின்னங்காலைப் பக்கவாட்டில் மடக்கி முன்னே இழுப்பதற்குள் இடுப்பு இறுகினால் கால் தடையில் தட்டும். வேகம் போகும், அடுத்த தடைக்கு எட்டைப் போட்டு நீட்ட வேண்டியிருக்கும். பத்துத் தடை முடிவதற்குள் வட்டிக்கு வட்டி ஏறிவிடும்.

அவர் உயரம் 1.82 மீட்டர். இந்தப் பந்தயத்துக்கு அது குறைவுதான். இடுப்பைக் கூடுதலாகத் தூக்கியாக வேண்டும். ஆனால் நெட்டையானவர்கள் இடைவெளியில் எட்டைச் சுருக்கித் திணறும் இடத்தில் இவர் தாராளமாக ஓடினார். வெறும் ஓட்டத்திலும் ஆள் சளைத்தவரல்ல: 1994 ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் தடையில்லாத 60 மீட்டரிலும் தங்கம், 6.49 நொடி.

‘டிப்’புக்கு வருகிறேன். கோட்டைத் தொடுவதில் தலை, கை, கால் கணக்கில்லை. மார்பும் வயிறுமான உடற்பகுதிதான் கணக்கு. பத்தாவது தடைக்குப் பின் 14.02 மீட்டர். ஜாக்சன் அதைக் கடைசி எட்டுவரை நிமிர்ந்தே ஓடி, கைகளைப் பின்னால் வீசி மார்பை முன்னே தள்ளுவார். பழகுகிறவர்கள் இரண்டு எட்டு முன்பே குனிந்துவிடுகிறார்கள். முழங்கால் உயராது, எட்டு சுருங்கும், கோட்டுக்கு முன்பே வேகம் விழும்.

பதக்கத்தைவிட சாதனைகளின் ஆயுளைப் பாருங்கள். 12.91ஐ 2004இல் சீன வீரர் லியு சியாங் சமன் செய்தார், 2006இல்தான் 12.88 ஓடி முறியடித்தார். 1994 மார்ச்சில் ஜெர்மனியின் ஜிண்டெல்ஃபிங்கனில் உள்ளரங்க 60 மீட்டர் தடையோட்டத்தில் ஜாக்சன் வைத்த 7.30ஐ 2021 பிப்ரவரியில்தான் அமெரிக்க வீரர் கிராண்ட் ஹாலோவே தாண்டினார், 7.29 ஓடி.