சீட்டு தருமமாகுமா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் குடியேறிய ஜமைக்கர்கள் நடத்திய 'பார்ட்னர்' சீட்டைத் தொண்டு வரிசையில் சேர்த்து எழுதியிருந்தீர்கள். போட்ட பணம்தானே திரும்பி வருகிறது, இதில் தருமம் எங்கே? எங்கள் தெருவிலும் சீட்டு நடக்கிறது. யாரும் அதைக் கொடை என்று சொல்வதில்லை.

ஆர்., தேனி

அன்புள்ள ஆர்.,

போட்ட பணம்தான், ஒரு பைசா கூடுதலாக வராது. ஆனால் நம் தெருக்களில் பெரும்பாலும் ஏலச்சீட்டு. அவசரக்காரர் தள்ளிக் கேட்டு எடுப்பார். அக்கா கல்யாணத்துக்கு அப்பா 50,000 ரூபாய்ச் சீட்டை எடுத்தபோது கைக்கு வந்தது 36,000. மீதி, அவசரமில்லாதவர்களுக்குப் பிரிந்து போனது. இல்லாதவர் இருப்பவருக்குக் கொடுத்த கணக்கு அது.

பார்ட்னரில் ஏலம் இல்லை. 20 பேர் வாரம் 2 பவுண்டு போட்டால், அந்த வாரத்துக்காரர் கையில் முழுசாக 40 பவுண்டு. வாராவாரம் போடுவது 'ஹேண்ட்', மொத்தமாக எடுப்பது 'டிரா'. யாருக்கு எந்த வாரம் என்று சொல்பவர் 'பாங்கர்'. பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண்மணி. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தவரை, வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவரை அவர் முன்னே நகர்த்துவார். பின்னுக்குப் போனவர் அதற்கு வட்டி கேட்க மாட்டார். நான் தொண்டு என்று சொன்னது முறை விட்டுக்கொடுப்பதைத்தான்.

1948இல் கரீபியத் தீவுகளிலிருந்து 'விண்ட்ரஷ்' கப்பலில் இங்கிலாந்து வந்தவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நிறத்தைக் காட்டி வீடு மறுப்பதைச் சட்டம் தடுத்ததே 1968இல்தான். பலர் சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியது பார்ட்னர் பணத்தில். இன்னொரு கரீபியத் தீவான டிரினிடாடில் இதற்கு 'சூசூ' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்க யோருபா மொழியின் 'எசூசூ', அடிமைக் கப்பலில் ஏறி வந்த சொல்.

ஒன்றில் நீங்கள் சொல்வது சரி. இது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான். வாரக் கூலி இல்லாதவர், முகம் தெரியாதவர் சேர முடியாது. பாங்கர் கம்பி நீட்டினால் போனது போனதுதான், காட்ட ஒரு பத்திரமும் இருக்காது.

வெளியே இருப்பவருக்கும் கொடுத்த கதை வேண்டுமென்றால் கிளாடியா ஜோன்ஸைப் பாருங்கள். டிரினிடாடில் பிறந்தவர், அமெரிக்கா நாடுகடத்தியதால் லண்டன் வந்தவர், கரீபியர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். 1958இல் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளைக் கும்பல்கள் கரீபியர்களைத் தாக்கின. அடுத்த ஜனவரி 30ஆம் தேதி கரீபியர்களின் தெருத் திருவிழாவான கார்னிவலைச் செயின்ட் பான்க்ராஸ் நகர மன்றக் கட்டடத்துக்குள் நடத்தினார். அந்தக் குளிரில் தெருவில் எங்கே ஆடுவது! விழா மலரில், விற்ற பணத்தில் ஒரு பகுதி கலவர வழக்குகளில் சிக்கிய கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதம் கட்ட உதவும் என்று அச்சிட்டிருந்தார்கள்.

வெள்ளை என்ற சொல்லை நான் இரண்டாவது முறை படித்தபோதுதான் கவனித்தேன்.