வாசகர் கேள்வி – பதில்: கெடில்ஸ்டன் மாளிகையும் கண்டனூர் வீடும்

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் பேரன், டார்பி நகருக்குப் பக்கத்தில் உள்ள கெடில்ஸ்டன் ஹால் என்ற பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, “அப்பத்தா, நம் வளவு வீட்டுத் தூணைவிட அங்கே தூண்கள் உயரம்; ஆனால் கீழ்த்தளம் முழுக்க நம் நாட்டுச் சாமான்” என்று தொலைபேசியில் சொன்னான். அந்த வீட்டின் வரலாறு என்ன? நம் நாட்டுப் பொருள்கள் அங்கே எப்படிப் போயின?
– ஒரு வாசகி, கண்டனூர்.

பதில்: ஆச்சி, அது கர்சன் குடும்பத்தாரின் வீடு. அக்குடும்பம் 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த ஊரில் இருக்கிறது. இப்போதுள்ள மாளிகையை 1759-இல் கட்டத் தொடங்கியவர் சர் நதானியல் கர்சன். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் எழும்புவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. முதலில் இரண்டு கட்டடக் கலைஞர்கள் வேலை பார்த்தார்கள். பிறகு ராபர்ட் ஆடம் என்ற இளைஞர் பொறுப்பேற்று, உள்அலங்காரம் முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டைச் சுற்றித் தோட்டவெளி வேண்டும் என்பதற்காக அங்கிருந்த கிராமத்தையே அப்புறப்படுத்தி வேறிடத்தில் குடியேற்றினார்கள். பழைய தேவாலயம் மட்டும் இன்றும் மாளிகையை ஒட்டி நிற்கிறது. ஊர் நகர்ந்துபோக வீடு நின்றது என்பதை, ஊரோடு ஊராகத் தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டி வாழ்ந்த நம்மால் எளிதில் ஏற்க முடியவில்லை.

உங்கள் பேரன் சொன்ன தூண்கள் முன்கூடத்தில் இருப்பவை. அலபாஸ்டர் என்னும் வழவழப்பான கல்லில் செதுக்கிய 20 தூண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 அடி உயரம். அதற்கு அடுத்த வட்டக் கூடத்தின் மாடம் 62 அடி உயரத்தில் கவிந்திருக்கிறது. வரவேற்பறை சோபாக்களைப் பொன்முலாம் பூசிய கடற்கன்னியர் உருவங்கள் தாங்கி நிற்கின்றன. அரசர் வந்தால் படுப்பதற்கென்று செய்த கட்டிலின் நான்கு கால்களும் பனை இனத்து மரங்களைப் போலவே அடியிலிருந்து ஓலைக் கொண்டை வரை செதுக்கப்பட்டுள்ளன.

இந்தியாவோடு இந்த வீட்டுக்கு உறவு ஏற்பட்ட விதம் வியப்பானது. 1799-க்கும் 1803-க்கும் இடையில் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் கட்டிய ஆளுநர் மாளிகை, இந்தக் கெடில்ஸ்டன் வீட்டை முன்மாதிரியாகக் கொண்டது. கெடில்ஸ்டனில் நான்கு பக்கக் கட்டடங்கள் திட்டமிட்டு இரண்டுதான் எழும்பின. கல்கத்தாவிலோ நான்கும் எழும்பின. அந்தக் குடும்பத்தில் 1859-இல் கெடில்ஸ்டனிலேயே பிறந்த ஜார்ஜ் கர்சன், 1899-இல் வைஸ்ராயாக வந்தபோது, தாம் பிறந்த வீட்டின் சாயலில் அமைந்த மாளிகையில்தான் குடியேறினார். வங்கப் பிரிவினையால் நாம் கசப்போடு நினைக்கும் அதே கர்சன் பிரபுதான், 1904-இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். தம் பயணங்களிலும் பதவிக்காலத்திலும் வாங்கியும் அன்பளிப்பாகப் பெற்றும் அவர் சேர்த்த தந்த வேலைப்பாடுகளும், வெள்ளிச் சாமான்களும், ஆயுதங்களுமே உங்கள் பேரன் கண்ட கீழ்த்தளக் காட்சிக்கூடம்.

கேள்வி: அங்குள்ள பொருள்களில் நம்மவர் கைவேலை என்று ஒன்றை மட்டும் சொல்வதானால் எதைச் சொல்வீர்கள்?
– ஒரு வாசகர், தேவகோட்டை.

பதில்: மயில் உடையைச் சொல்வேன். 1903 தில்லி தர்பாரின்போது செங்கோட்டையில் நடந்த நடன விருந்துக்குக் கர்சனின் மனைவி மேரி அணிந்துவந்த உடை அது. மெல்லிய துணியில் பொன், வெள்ளி இழைகளால் தில்லிக் கைவினைஞர்கள் மயிலிறகுகளைப் பூவேலையாக்கினார்கள். அந்தத் துணி பாரிசுக்குப் போய் வொர்த் என்ற புகழ்பெற்ற தையலகத்தில் உடையாயிற்று. ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையாக மினுங்குவது மணிக்கல் என்று முதலில் தோன்றும்; அது பொன்வண்டின் இறக்கை ஓடு. உலோக இழைகள் நூறாண்டுக்கு மேல் காற்றுப் பட்டுக் கறுத்துப்போன பிறகும் அந்த ஓடுகளின் பச்சை மாறவில்லை. அணிந்தவர் பெயரும் தைத்த கடையின் பெயரும் உலகுக்குத் தெரிகின்றன. ஊசி பிடித்த விரல்களுக்கு உரியவர்களின் பெயர்கள் அப்படித் தெரிந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நம் நிலைக்கதவுகளைச் செதுக்கிய ஆசாரிமார்களின் பெயர்களையும் நாம் எழுதிவைக்கவில்லையே.

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டுப் புள்ளி (பங்குள்ள எட்டுக் குடும்பங்கள்). யாரும் ஊரில் இல்லை. பழஞ்சாமான்களை மொத்தமாக விலைபேசி ஒரு வியாபாரி அடிக்கடி வருகிறார். வெளிநாட்டில் மட்டும் வீடும் சாமானும் கலையாமல் இருப்பது எப்படி?
– ஒரு வாசகர், காரைக்குடி.

பதில்: அங்கேயும் கலைந்த வீடுகள் ஏராளம். 1894-இல் வந்த மரண வரியாலும் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரி), இரண்டு உலகப் போர்களாலும் பெருவீடுகள் பல ஏலத்துக்குப் போயின, இடிபட்டன. ஆனால் அவர்களுடைய மரபில் வீடு ஒரே வாரிசுக்குப் போகும். கர்சன் பிரபுவுக்கு மூன்றும் பெண்கள். நம் பக்கமானால் பிள்ளை கூட்டியிருப்பார்கள் (ஆண்பிள்ளையைத் தத்தெடுத்திருப்பார்கள்), அங்கே வீடு தம்பி மகனுக்குச் சேர்ந்தது. நமக்கு எல்லாப் பங்காளிக்கும் வளவில் சம உரிமை உண்டு, அது நியாயமும்கூட. அந்த நியாயத்தாலேயே யாரும் தனியே பொறுப்பேற்க முடியாமல், பர்மாத் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

கெடில்ஸ்டன் வீட்டையும் குடும்பம் தனியே தாங்க முடியாமல், 1987-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்கும்போது சாமான்களும் வீட்டோடு நிலைத்ததற்கு ஒரு பழைய வழக்கம் துணைநின்றது என்று நினைக்கிறேன். 1769-லேயே அந்த வீட்டுப் படங்களுக்கும் சிலைகளுக்கும் பட்டியல் அச்சிட்டிருந்தார்கள். வருவோருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிய வீட்டுப் பொறுப்பாளர் கார்னெட் அம்மையார், 1777-இல் வந்த ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனையும் அழைத்துப்போய்க் காட்டினார். அந்த அம்மையாரின் ஓவியம் இன்றும் அங்கே இருக்கிறது; அதில் அவர் கையில் பிடித்திருப்பது அந்தப் பட்டியல்தான்.

பட்டியல் எழுதுவது நமக்குப் புதிதா? திருமணத்தில் சாமான் பரப்பும்போது கரண்டி வரை கணக்கெழுதிய குடும்பங்கள் நம்முடையவை. வியாபாரியிடம் விலை பேசுவதற்கு முன், எட்டுப் புள்ளியிலும் ஒவ்வொருவர் ஒரு விடுமுறைக்கு வந்து, முகப்பிலிருந்து அடுப்படி வரை எந்தப் பொருள் எந்த இடத்தில், யாருக்கு வந்த சீராக இருந்தது என்று படத்தோடு எழுதுங்கள். எவை வீட்டைவிட்டுப் போகக் கூடாதவை என்று எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டு, குடும்ப அறக்கட்டளையாகப் பதிவுசெய்யலாமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். பெயர் வெட்டிய பாத்திரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த முதலெழுத்துகள் யாருடையவை என்று சொல்லக்கூடிய ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள்.