துப்பாக்கி வாங்கட்டுமா? வாசகர் கேள்வி பதில்

கே: டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம், கிரீன் கார்டு வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து மனசே சரியில்லை. டெக்சாஸில் இப்போது லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாமாமே, வாங்கிவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ப: சட்டம் தடுக்கவில்லை, உண்மைதான். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத்தடை எதுவும் இல்லாதவருக்கு அங்கே லைசென்ஸ் தேவையில்லை. (எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற ஒருசில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம்.)

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. உங்களுக்குக் கோபம் எப்படி வரும்? ரோட்டில் ஒருவன் குறுக்கே காரை விட்டால் கண்ணாடியை இறக்கித் திட்டுகிற ஆள் என்றால் தயவுசெய்து வேண்டாம். இடுப்பில் துப்பாக்கி இருக்கிறவர், தப்பு எதிராளி மேல் இருந்தாலும், திட்டை வாங்கிக்கொண்டு விலகிப் போகத்தான் வேண்டும். உரிமையுள்ள இடத்தில் நிற்பவர் பின்வாங்க வேண்டியதில்லை என்று சொல்லும் அதே டெக்சாஸ் சட்டம், சண்டையைக் கிளப்பியவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. வெறும் வாய்ச்சண்டைக்குக் கைநீட்டுவதையும் ஏற்பதில்லை.

கோபத்தைவிடப் பயம் மோசம். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பி, விலாசம் மாறி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். கதவைத் திறந்த பெண் மிரண்டுபோய்க் கணவரைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னார், அவர் 'ஃபிரீஸ்' (அசையாதே) என்று கத்தினார், விருந்துக்குத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே பையன் கிட்டே வந்தான், ஒரே குண்டில் போய்விட்டான். கிரிமினல் வழக்கில் சுட்ட கணவர் விடுதலையானார். சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் தரச் சொன்னது நீதிமன்றம். கதவைப் பூட்டிக்கொண்டு அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. திருட்டுப் பயத்துக்கு நீங்களும் முதலில் நல்ல பூட்டையும் வாசல் விளக்கையும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதானால், கட்டாயமில்லை என்றாலும் லைசென்ஸ் வகுப்புக்குப் போங்கள். 4 முதல் 6 மணி நேரப் பாடம், அப்புறம் 3, 7, 15 கஜ தூரத்திலிருந்து மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். அதோடு நிறுத்தாமல் மாதாமாதம் பழகுங்கள். குடித்த நாளில் அதைத் தொடவே கூடாது.

கே: என் கணவர் வாங்கிவிட்டார். பீரோ மேல்தட்டில் வைத்தால் போதாதா? பையனுக்கு ஏழு வயது.
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

ப: போதாது அம்மா. நாற்காலி போட்டு ஏற அவனுக்குத் தெரியும். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டாலே டெக்சாஸில் குற்றம். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு முடுக்கிய சின்ன இரும்புப் பெட்டி வாங்கி, உடம்பில் இல்லாத நேரமெல்லாம் அதில் பூட்டச் சொல்லுங்கள். கார் டேஷ்போர்டும் ஹேண்ட்பேக்கும் கூடாது. அவர் மறுத்தால் விற்கச் சொல்லுங்கள், விடாதீர்கள். பையன் விளையாடப் போகும் வீடுகளிலும் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.